உடம்பில் போடும் முதல்: கம்பம் – குமுளி வட்டாரத்துக்கு ஒரு முழு வழிகாட்டி

ஏலக்காய் நாற்று நட்டவருக்கு நீண்டகால முதலீடு என்றால் என்னவென்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. முதல் இரண்டு வருஷம் செலவு மட்டும்தான். நிழலைச் சரிசெய்ய வேண்டும், களை எடுக்க வேண்டும், உரம், மருந்து, ஆள்கூலி எல்லாம் கையிலிருந்து போக வேண்டும். மூன்றாவது வருஷம்தான் செடி திருப்பித் தர ஆரம்பிக்கும். 2019 ஆகஸ்டில் புற்றடியில் நடந்த ஏலக்காய் ஏல விற்பனையில் கிலோ 7,000 ரூபாய் வரை போனது பலருக்கும் நினைவிருக்கும். விலை படுத்துக் கிடந்த வருஷங்களிலும் தோட்டத்தைக் கைவிடாதவர்களுக்குத்தான் அந்த விலை காசானது.

இவ்வளவு தெரிந்த மனுஷன் சொந்த உடம்பு விஷயத்தில் மட்டும் அன்றாடங்காய்ச்சியாக இருக்கிறார். ஏதாவது வந்தால் மெடிக்கலில் இரண்டு மாத்திரை, பெரிதாக வந்தால் தேனிக்கோ மதுரைக்கோ கோட்டயத்துக்கோ ஓட்டம். காசு போவது பெரும்பாலும் கடைசி நேரத்தில்தான். அதே காசில் ஒரு பங்கை முப்பது, நாற்பது வயதிலேயே சரியான இடத்தில் போட்டிருந்தால் போதும்.

எந்த இடம் சரியான இடம் என்பதுதான் கேள்வி. என் கணக்கில் முதல் மூன்று இடம் இவை: இரத்த அழுத்தம், கால் தசை, புகையிலையை விடுவது. மூன்றுக்கும் பெரிய செலவில்லை, ஆனால் இவை திருப்பித் தருவதுபோல் வேறெதுவும் தராது. ஜிம் கட்டணம், புரோட்டீன் பவுடர், 'ஃபுல் பாடி செக்கப்' பேக்கேஜ் எல்லாம் அதற்குப் பிறகுதான். இங்கே பலர் அதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

தமிழ்நாட்டுக் கம்பம் அடிவாரத்தில் வீடு, கேரளக் குமுளி மலையில் பிழைப்பு என்று இரண்டு பக்கமும் கால் வைத்திருக்கும் முப்பது முதல் அறுபது வயதுக்காரர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். இதய நோய் உள்ளவர்கள், இன்சுலின் போடுபவர்கள், கர்ப்பிணிகள் உடற்பயிற்சிப் பகுதியைத் தங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

படி 1: இருப்பு எவ்வளவு என்று பாருங்கள்

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் ஐந்து எண்களை எழுத வேண்டும்.

முதல் எண் பி.பி. மற்ற நான்கையும்விட இதற்கு நேரம் கொடுங்கள். அது உயர்ந்திருந்தாலும் உடம்பு ஒன்றும் சொல்லாது. தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, ஆனால் உள்ளே மூளை, இதயம், சிறுநீரகம் மூன்றிலும் இரத்தக் குழாய் கெட்டுக்கொண்டே போகும். முழங்கைக்கு மேல் கட்டும் மிஷின் சுமார் 1,500 முதல் 2,500 ரூபாயில் கிடைக்கிறது. மணிக்கட்டில் கட்டும் வகை வேண்டாம். ஒரு மிஷினை அண்ணன் தம்பி குடும்பங்கள் சேர்ந்து வாங்கினாலும் போதும்.

பார்க்கும் முறை தப்பினால் எண்ணும் தப்பும். குமுளி மலைப்பாதையில் ஜீப்பில் குலுங்கி இறங்கி, கிளினிக் மாடிப்படி ஏறி, உட்கார்ந்த உடனே கையை நீட்டினால் யாருக்கும் கூடுதலாகத்தான் காட்டும். அரை மணி நேரத்துக்கு முன்பிருந்தே டீ, பீடி கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள். முதுகைச் சாய்த்து, இரண்டு பாதமும் தரையில் படும்படி, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிஷம் சும்மா உட்காருங்கள். சட்டைக் கைக்கு மேலே கட்டாமல் வெறும் கையில் கட்டி, கையை நெஞ்சு உயரத்தில் மேஜைமேல் வையுங்கள். பார்க்கும்போது பேசக்கூடாது. ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு தடவை. இப்படிக் காலையும் மாலையும் ஒரு வாரம் எழுதி, முதல் நாளை விட்டுவிட்டு மீதிக்குச் சராசரி போடுங்கள். வீட்டில் பார்த்த சராசரி 135/85-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ டாக்டரைப் பார்க்க வேண்டும். கிளினிக்கில் பார்க்கும்போது அந்த எல்லை 140/90.

இரண்டாவது சர்க்கரை. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வில், இருபது வயதைத் தாண்டியவர்களில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் கேரளாவில் 25.5 சதவீதம், தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். மலை ஏறினால் சர்க்கரையும் ஏறுகிறது என்று சிரிக்கலாம், ஆனால் நாம் சாப்பிடுவது இரண்டு பக்கச் சாப்பாட்டையும். வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை இருந்தால் எல்லைக்கோட்டு நிலை, 126-ஐத் தொட்டால் நோய். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. சோதனையில் 5.7 முதல் 6.4 வரை எல்லைக்கோடு, 6.5 முதல் நோய். அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஒரு தடவை கூடுதலாக வந்தால் இன்னொரு தடவை பார்த்துத்தான் உறுதி செய்வார்கள்.

எல்லைக்கோட்டில் இருப்பவர்கள் வருத்தப்பட வேண்டாம். முதலீட்டுக்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு இப்படி எல்லையில் இருந்தவர்களை மூன்று வருஷம் தொடர்ந்து கவனித்து 2006-ல் ஆய்வு வெளியிட்டது. நடையும் உணவு மாற்றமும் கடைப்பிடித்தவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு சுமார் 28 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவுதான் குறைந்தது.

மூன்றாவது இடுப்புச் சுற்றளவு. பேன்ட் சைஸைச் சொல்லாதீர்கள், அது தொப்பைக்குக் கீழே நிற்பது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்டபின் டேப்பை வைத்து அளக்க வேண்டும். நம் நாட்டு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை.

நான்காவது ஹீமோகுளோபின். பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13-க்குக் கீழே போனால் இரத்தசோகை. 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் தமிழ்நாட்டில் 53.4 சதவீதம் பேருக்கும் கேரளாவில் 36.3 சதவீதம் பேருக்கும் இரத்தசோகை. காய் எடுக்கப் போகும் பெண்கள் 'வயசாயிருச்சு, மேல ஏறுனா மூச்சு வாங்குது' என்று சொல்வதில் பாதி வயசு இல்லை, இதுதான். வயதைக் குறை சொல்வதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

ஐந்தாவதுக்கு லேப் வேண்டாம், கை இல்லாத ஒரு நாற்காலி போதும். அதைச் சுவரோரம் போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, முப்பது வினாடியில் எத்தனை தடவை முழுசாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயது ஆண் 14-க்குக் குறைவாகவோ பெண் 12-க்குக் குறைவாகவோ செய்தால் கால் பலம் சராசரிக்குக் கீழே. நாற்பது வயதில் அந்த எண்ணையே எட்ட முடியவில்லை என்றால் யோசியுங்கள். பிறகு சுவர் பக்கத்தில் நின்று, எதையும் பிடிக்காமல் ஒற்றைக் காலில் பத்து வினாடி நில்லுங்கள். பிரேசிலில் 51 முதல் 75 வயதுக்காரர்களைப் பார்த்த ஒரு ஆய்வில், இதைச் செய்ய முடியாதவர்களிடையே அடுத்த சில வருஷங்களில் இறப்பு கூடுதலாக இருந்தது. ஒற்றைக் காலில் நிற்பதால் ஆயுள் கூடும் என்று இதற்குப் பொருள் இல்லை. உடம்பின் பல பாகங்கள் ஒழுங்காக இருக்கின்றனவா என்பதை அது சேர்த்துக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

படி 2: ஒழுகும் இடத்தை அடைத்துவிடுங்கள்

பீடி, சிகரெட், வாயில் ஒதுக்கும் புகையிலை. இதில் எந்த ஒன்று இருந்தாலும் கீழே வரும் எல்லாப் படிகளும் தரும் பலனை அது தின்றுவிடும். புகையை விட்ட ஒரு வருஷத்தில் மாரடைப்பு ஆபத்து, தொடர்ந்து புகைப்பவருடையதில் பாதியளவுக்கு இறங்குகிறது. இவ்வளவு சீக்கிரம் வரவு தரும் முதலீடு வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. தனியாக விட முடியவில்லை என்றால் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கிடைக்கும். குளிருக்குப் பீடி என்று மலையில் சொல்வார்கள். நிக்கோட்டின் தோலின் இரத்தக் குழாயைச் சுருக்கும், அதனால் கைகால் இன்னும்தான் குளிரும்.

மதுவுக்கு உடம்புக்கு நல்ல அளவு என்று ஒன்று கிடையாது. குறைக்கக் குறைக்க லாபம்.

ஏலத்தோட்டத்தில் மருந்தடிக்கும் நாட்களில் முகக்கவசமும் கையுறையும் போடுங்கள். கை, முகம் கழுவாமல் சோற்றிலோ பீடியிலோ கை வைக்கக்கூடாது. உடுத்திய துணியை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.

படி 3: மாத்திரை எழுதிக் கொடுத்தால் நிறுத்தாமல் சாப்பிடுங்கள்

இதில்தான் நம் ஆட்கள் அதிகம் கோட்டை விடுகிறார்கள். ஒரு மாதம் மாத்திரை போடுவார்கள், பி.பி. 126/80 என்று வரும், 'நார்மல் ஆயிருச்சே, எதுக்கு?' என்று நிறுத்திவிடுவார்கள். நார்மல் ஆனதே மாத்திரையால்தான். எடை குறைந்து, உப்பு குறைந்து, டாக்டரே அளவைக் குறைத்தால் அது வேறு கதை.

செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பி.பி., சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். கேரளப் பக்கம் அரசின் குடும்ப ஆரோக்கிய மையங்களிலும் இந்த மாத்திரைகள் உண்டு. வெளியே வாங்குவதானால் மக்கள் மருந்தகமோ, 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகமோ போய், பிராண்ட் பெயர் அல்லாமல் மருந்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

மாநில எல்லையில் இருப்பவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஞாயிற்றுக்கிழமை கம்பத்தில் ஒரு டாக்டர், அவசரத்துக்குக் குமுளியில் இன்னொருவர். இரண்டு சீட்டிலும் ஒரே மருந்து வேறு வேறு பிராண்ட் பெயரில் இருக்கும், இரண்டையும் சேர்த்து விழுங்குவார்கள். ஏதாவது ஒரு பக்கத்தை நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள். அது முடியாதென்றால் எல்லா மாத்திரை அட்டையையும் ஒரே பையில் போட்டு, எந்த டாக்டரிடம் போனாலும் அந்தப் பையை மேஜைமேல் கொட்டுங்கள்.

படி 4: நடை

1953-ல் லண்டனில் ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர் பஸ் ஊழியர்களை ஆராய்ந்தார். ஒரே பஸ், ஒரே கம்பெனி. நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டிய டிரைவர்களைவிட, மாடிப் பஸ்ஸில் படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. உடலுழைப்புக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய ஆராய்ச்சிகள் பலவும் அங்கிருந்துதான் கிளைத்தன. கமிஷன் மண்டியில் காலை முதல் ராத்திரி வரை கல்லாவில் உட்கார்ந்திருப்பவர்கள் எந்தப் பக்கம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல்: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான உழைப்பு. மிதம் என்றால், பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. பாட்டு வந்தால் வேகம் போதவில்லை. ஒரேயடியாக அரை மணி கிடைக்காவிட்டால் பத்துப் பத்து நிமிஷமாகப் பிரித்துக்கொள்ளுங்கள், குறிப்பாகச் சாப்பிட்ட பிறகு. அந்நேரம் நடக்கும் பத்து நிமிஷம் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையைத் தசைக்குள் இழுத்துவிடும். பத்தாயிரம் அடி என்ற இலக்கைப் பிடித்துத் தொங்க வேண்டாம். அது 1960-களில் ஜப்பானில் விற்ற காலடி எண்ணும் கருவியோடு வந்த எண்.

இடத்துக்குப் பஞ்சமில்லை. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் ஓடும் வாய்க்கால் கரைகள், லோயர் கேம்ப்பில் பென்னிகுவிக் மணிமண்டபப் பக்கம், விடியற்காலைத் தென்னந்தோப்புப் பாதைகள். மெயின் ரோட்டில் மட்டும் வேண்டாம், சபரிமலை சீசனில் நினைக்கவே வேண்டாம்.

'நான் தோட்டத்துல நாள் முழுக்க நிக்கிறேன், எனக்கு எதுக்கு நடை?' என்ற கேள்விக்கு வருகிறேன். நியாயமான கேள்வி. ஆனால் குனிந்தபடி காய் எடுப்பதும் மூட்டை தூக்குவதும் உடம்பின் சில பாகங்களை மட்டும் தேய்க்கும். இதயத் துடிப்பைத் தொடர்ந்து அரை மணி உயர்த்தி வைக்காது, ஓய்வும் கொடுக்காது. உழைப்பாளிகளுக்கு நான் சொல்வது நடையைக் குறைத்து, அடுத்த படியில் வரும் தசைப் பயிற்சியைக் கூட்டுவது. குனிந்த முதுகுக்கு எதிர்ப்பக்கப் பலம்தான் அவர்களுக்கு வேண்டும்.

படி 5: தசை. இங்கேதான் கூட்டு வட்டி

முப்பது வயதைத் தாண்டியபின் பத்து வருஷத்துக்குச் சுமார் 3 முதல் 8 சதவீதம் தசை கரைகிறது, அறுபதுக்குமேல் இன்னும் வேகமாக. எழுபது வயதில் ஒருவர் கழிவறையிலிருந்து தானாக எழுந்திருப்பாரா, பஸ் படியில் கால் வைப்பாரா, வழுக்கினால் சமாளிப்பாரா என்பதெல்லாம் நாற்பதில் அவர் தொடையில் எவ்வளவு தசை சேர்த்தார் என்பதோடு சேர்ந்தது. சாப்பிட்ட சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கி வைக்கும் கிடங்கும் தசைதான். கிடங்கு சிறியதானால் சரக்கு தெருவில் கிடக்கும். நம் ஊரில் கை கால் மெலிந்து வயிறு மட்டும் பெருத்த சர்க்கரை நோயாளிகளை நிறையப் பார்க்கலாம்.

வாரத்தில் இரண்டு நாள் போதும், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி. புதன், ஞாயிறு என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு தடவைக்கு இருபத்தைந்து நிமிஷம். கருவி என்று பார்த்தால் நாற்காலி, சுவர், பழைய லுங்கி, ஐந்து லிட்டர் கேன் இரண்டு.

தொடங்கும்முன் ஐந்து நிமிஷம் நின்ற இடத்திலேயே நடந்து உடம்பைச் சூடேற்றுங்கள்.

நாற்காலி எழுச்சி: சோதனைக்குச் செய்ததேதான். ஆனால் இப்போது மெதுவாக, மூன்று எண்ணி உட்கார்ந்து, ஒன்றில் எழ வேண்டும். பொத்தென்று விழுந்தால் பயனில் பாதி போய்விடும். மெதுவாக உட்காரும்போதும் தொடை வேலை செய்கிறது.

சுவர்த் தண்டால்: சுவரிலிருந்து ஒரு கை தூரம் தள்ளி நின்று, உள்ளங்கைகளைத் தோள் உயரத்தில் வைத்து, நெஞ்சைச் சுவருக்குக் கொண்டுபோய்த் திரும்புவது. எளிதானபின் ஆடாத மேஜை விளிம்பு, அப்புறம் கட்டில் விளிம்பு, கடைசியில் தரை.

லுங்கி இழுவை: உறுதியான தூணிலோ ஜன்னல் கம்பியிலோ லுங்கியைச் சுற்றி, இரண்டு முனையையும் பிடித்துப் பின்பக்கம் சாய்ந்து, தோள்பட்டை எலும்புகள் ஒன்றையொன்று நெருங்கும்படி உடம்பை முன்னால் இழுப்பது. காய் எடுக்கும் பெண்கள், கணக்கெழுதுபவர்கள், ஜீப் ஓட்டுபவர்கள் எல்லாருக்கும் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே ஒரு வலி இருக்கும். அவர்கள் இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வார்கள் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். துணி கிழியாததா, கம்பி ஆடாததா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இடுப்புத் தூக்கல்: மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, பிட்டத்தை இறுக்கி மேலே தூக்கி, இரண்டு எண்ணி இறக்குவது. குதிகால் எழுச்சி: சுவரைத் தொட்டுக்கொண்டு முன்பாதத்தில் எழுந்து இறங்குவது. கேன் நடை: இரண்டு கையிலும் தண்ணீர் நிரம்பிய கேனைப் பிடித்து, தோளைத் தொங்கவிடாமல் வாசலிலிருந்து கொல்லை வரை போய்வருவது.

ஒவ்வொன்றும் 8 முதல் 12 தடவை, இரண்டு சுற்று. கேன் நடையைத் தடவைக்குப் பதில் அரை நிமிஷம் என்று கணக்கிடுங்கள். 'இன்னும் இரண்டு எடுக்கலாம்' என்று தோன்றும்போதே நிறுத்திவிட வேண்டும். 12 சுலபமாக வந்துவிட்டால் எடையைக் கூட்டுங்கள், அல்லது கடினமான வகைக்கு மாறுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு எதையும் தூக்காதீர்கள், பி.பி. எகிறும். மறுநாள் தசை வலி இயல்பு. மூட்டுக்குள் குத்தும் வலி வந்தால் அந்தப் பயிற்சியை விட்டுவிட்டு விசாரியுங்கள். நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமில்லாத குளிர் வியர்வை வந்தால் 'கேஸ்' என்று சோடா குடிக்கப் போகாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், இரண்டு மாநிலத்திலும் அதே எண்தான்.

அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள் சமநிலைப் பயிற்சியையும் வாரம் மூன்று நாள் சேர்க்க வேண்டும். சுவரோரம் ஒற்றைக் கால் நிற்பது, ஒரு பாதத்தின் குதிகாலுக்கு முன்னே அடுத்த பாதத்தை ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடப்பது, இவை போதும்.

படி 6: இரண்டு மாநிலத் தட்டு

குமுளி சாயக் கடைகளில் 'சேட்டா, ஒரு வித்தவுட்' என்றால் சீனி போடாத டீ வந்துவிடும். கம்பத்தில் அதையே கேட்டால் 'என்னண்ணே, சுகர் வந்துருச்சா?' என்று நாலு பேர் காதில் விழக் கேட்பார்கள். அதற்குக் கூச்சப்பட்டே சீனியை விடாதவர்கள் உண்டு. கணக்கைப் பாருங்கள்: ஒரு டீஸ்பூன் சீனி நாலைந்து கிராம். கிளாஸுக்கு இரண்டு ஸ்பூன், நாளைக்கு நாலு கட்டன் (பால் இல்லாத டீ) என்றால் 32 முதல் 40 கிராம் அங்கேயே முடிந்தது. உலக சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்கிறது. ஒரே நாளில் விட வேண்டாம். முதலில் கிளாஸுக்கு அரை ஸ்பூன் குறையுங்கள், இரண்டு வாரத்தில் நாக்கு பழகிவிடும். இரத்தசோகை உள்ள பெண்கள் சாப்பாட்டோடு டீ குடிக்கவே கூடாது, உணவிலுள்ள இரும்புச்சத்தை அது தடுத்துவிடும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம்.

புரதம் நமக்குக் குறைவு. ஐ.சி.எம்.ஆர். சொல்லும் அளவு, கிலோ எடைக்கு 0.83 கிராம். அறுபது கிலோ ஆளுக்கு நாளைக்குச் சுமார் 50. நாலு இட்லி, மதியம் குவித்த சோறும் சாம்பாரும், ராத்திரி தோசை என்று ஓட்டினால் அந்த அளவை எட்டுவது கஷ்டம். இரண்டு முட்டை 12 கிராம், நூறு கிராம் மத்தி மீன் சுமார் 20, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் 8, ஒரு கப் தயிர் 6. இதில் எதையாவது ஒவ்வொரு வேளையிலும் சேர்த்தால் பவுடர் டப்பா தேவையில்லை. குமுளி, கட்டப்பனை மார்க்கெட்டில் வரும் மத்தி, விலை ஏறிய நாளிலும் பெரும்பாலும் வஞ்சிரத்தைவிட மலிவு. எலும்போடு மென்றால் கால்சியமும் சேரும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரதத்தைக் கூட்டும் முன் டாக்டரிடம் கேளுங்கள்.

மலைப்பக்கச் சாப்பாட்டில் நல்லதும் உண்டு, பொறியும் உண்டு. புட்டும் கடலைக் கறியும் அருமையான காலைச் சாப்பாடு. அதே புட்டைப் பழமும் சீனியும் போட்டுப் பிசைந்தால் வெறும் மாவும் இனிப்பும். மட்டை அரிசியில் (கேரளச் சிவப்பரிசி) நார் கூடுதல்தான், அதற்காகத் தட்டை நிரப்பிக்கொள்ள அது அனுமதிச் சீட்டு இல்லை. கப்பையும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்கறியும் என்றால் கப்பையைப் பாதியாக்கி மீனைக் கூட்டுங்கள், கிழங்கில் புரதம் இல்லை என்றே சொல்லலாம். பொரோட்டாவும் பீஃபும் மாதத்தில் ஒன்றிரண்டு ஞாயிறு என்றால் நான் சண்டைக்கு வரமாட்டேன். தினம் ராத்திரி எட்டு மணிக்குப் பொரோட்டா என்றால் மேலே சொன்ன நடை, தசை எல்லாம் வட்டி கட்டத்தான் சரியாக இருக்கும்.

உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது எல்லாச் சாப்பாட்டுக்கும் சேர்த்து ஒரு டீஸ்பூன். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் ஒரே தட்டில் கூடுவது நம் வழக்கம். ஒரு வேளைக்கு ஒன்று என்று பிரித்தாலே நிறையக் குறையும். எண்ணெய் ஆளுக்கு மாதம் ஒரு லிட்டருக்குள். தேங்காய் எண்ணெயா கடலை எண்ணெயா என்ற பஞ்சாயத்தைவிட அந்த அளவுதான் முக்கியம். பழம்பொரி பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதை நிறுத்துங்கள்.

படி 7: தூக்கம்

விடியும்முன் ஜீப் வந்து ஹாரன் அடிக்கும். நாலரைக்கு எழ வேண்டியவர் ஒன்பதரைக்குப் படுத்தால்தான் ஏழு மணி நேரம் கிடைக்கும். சீரியலையும் ரீல்ஸையும் யார் ஒன்பதுக்கு நிறுத்துவது என்பது வீட்டுக்குள் தீர வேண்டிய விவகாரம். பயங்கரமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறி எழுபவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: அது ஒரு நோய். மாத்திரை சாப்பிட்டும் பி.பி. இறங்காததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். காது மூக்கு தொண்டை டாக்டரிடமோ நுரையீரல் டாக்டரிடமோ கேளுங்கள்.

படி 8: காப்பீடு

தமிழ்நாட்டு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் வருஷத்துக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் வரை, ஆண்டு வருமானம் 1.20 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு. ரேஷன் கார்டு கம்பத்தில், வேலை கேரளத்து வண்டன்மேட்டில் என்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: திட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. எந்த மருத்துவமனையில் உங்கள் கார்டு செல்லும் என்று நல்ல நாளிலேயே விசாரித்து நோட்டில் எழுதி வையுங்கள். ஆம்புலன்ஸில் வைத்து விசாரிக்க முடியாது.

தனியார் பாலிசி எடுப்பதானால் நோய் வரும்முன் எடுங்கள். ஏற்கனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் மூன்று வருஷம் என்று 2024 ஏப்ரல் முதல் விதி. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு ஜி.எஸ்.டி. இல்லை. விண்ணப்பத்தில் பி.பி., சர்க்கரை, புகைப்பழக்கம் எதையும் மறைக்காதீர்கள், 'அதெல்லாம் போட வேணாம் சார்' என்று ஏஜென்ட் சொன்னாலும். கிளெய்ம் நேரத்தில் அவர் பக்கத்தில் இருக்கமாட்டார். பழைய வருமான வரிமுறையில் இருப்பவர்களுக்குப் பிரீமியத்துக்குக் கழிவு உண்டு. அந்த வரம்புக்குள் 5,000 ரூபாய் வரை பரிசோதனைச் செலவையும் காட்டலாம்.

படி 9: நோட்டை எப்போது திறப்பது

மாதம் ஒரு தடவை பி.பி., இடுப்பு, நாற்காலி எண்ணிக்கை. வருஷம் ஒரு தடவை சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், ஹீமோகுளோபின். கூடவே பல் டாக்டர், நாற்பதுக்குமேல் கண் டாக்டர். சர்க்கரை உள்ளவர்கள் கண்ணின் விழித்திரையையும் பாதத்தின் உணர்ச்சியையும் வருஷா வருஷம் பார்க்க வேண்டும், ஏலத்தோட்டத்துக்குச் செருப்பில்லாமல் இறங்கவே கூடாது. அட்டை கடித்த இடம் புண்ணாகி ஆறாமல் நின்றால் ஒரு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். புற்றுநோய் மார்க்கர் டெஸ்ட், விட்டமின் பேனல் என்று நீளும் பேக்கேஜ்களை, டாக்டர் குறிப்பாகக் கேட்டால் தவிர, நான் வாங்கமாட்டேன்.

தடை வரும். ஜூனில் மழை பிடித்தால் மலையில் வாரக்கணக்கில் வெளியே நடக்க முடியாது, அப்போது வராந்தா நடையும் தசைப் பயிற்சியும் மட்டும். காய் எடுப்பு மும்முரத்தில் இரண்டு நாள் பயிற்சியை ஒரு நாளாக்கலாம், ஒன்றுமில்லாமல் ஆக்க வேண்டாம். இரண்டு வாரத்துக்குமேல் விட்டுப்போயிருந்தால் பழைய அளவில் பாதியிலிருந்து தொடங்கி, வாரத்துக்குக் கொஞ்சமாகக் கூட்டி நாலு வாரத்தில் பழைய இடத்துக்கு வாருங்கள். டெங்குக் காய்ச்சலுக்குப் பிறகு டாக்டர் சரி சொல்லும் வரை வீட்டுக்குள் நடை மட்டும். சிக்குன்குனியாவுக்குப் பிறகு முழங்கால் பிடித்திருந்தால், தாழ்ந்த நாற்காலிக்குப் பதில் உயரமான ஸ்டூலில் இருந்து எழுந்து பழகி, வலி விடவிட உயரத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.